இளம்பச்சைக்கு அடியில் இருந்த எண்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வராது. அவருக்கு வரவேண்டியதையும் சேர்த்து எனக்கே வந்துவிடுகிறது. இருபத்தாறு வருடமாக இரண்டு பேர் கோபத்தை ஒருத்தியே சுமக்கிறேன். அதனால் இதை நான் ஆற அமரச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் வீட்டு வாசலிலேயே ஷெட் போட்டு, கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அதற்கு முன்னால் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். ஸ்கேல் வைக்காமல் ஆறடி நீளத்துக்கு ஒரே கோட்டில் எழுதுவார், ஒரு எழுத்து ஏறாது, இறங்காது. போர்டின் மூலையில் எழுதியவர் பெயரைச் சின்னதாகப் போட்டுக்கொள்வது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். இவர் ஒருமுறைகூடப் போட்டதில்லை. கேட்டால், "போர்டு அவங்களோடது. அதுல என் பேரு எதுக்கு?" என்பார். இப்படிப்பட்ட ஒரு பிள்ளைப்பூச்சியைக் கட்டிக்கொண்டு நான் குடும்பம் நடத்துகிறேன்.

அவருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. குழியோ மேடோ கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. வீட்டுச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையைக்கூட விட மாட்டார், அன்றைக்கே பட்டி போட்டு, தேய்த்து, வெள்ளை அடித்துவிடுவார். காலண்டர் மாட்டலாம் என்று நான் போனால் ஆணியும் இருக்காது, ஆணி இருந்த இடமும் இருக்காது. சட்டைப்பையில் எந்நேரமும் தின்னர் நனைத்த துணி ஒன்று. துவைக்கிறவள் நான், அந்த நாற்றத்தை நான்தான் சொல்ல வேண்டும். இந்த வியாதியை மறந்துவிடாதீர்கள். எங்கள் குடியைக் கெடுக்கப் பார்த்தது இதுதான்.

பல் டாக்டர் ஒருவர் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு கதவு வண்டி, வயது அறுபதுக்கு மேல். ஒரு தலைமையாசிரியை அம்மா புதிதாக வாங்கி ஓட்டியது. அந்த அம்மா காலமான பிறகு, அவருடைய தம்பி மகனிடமிருந்து டாக்டர் வாங்கியிருக்கிறார். எஞ்சின் எப்போதோ மாற்றியாகிவிட்டது. முதல் பதிவுப் புத்தகம் தொலைந்துபோய், நகல் எடுத்த புத்தகத்தில் சிவப்பு என்று இருந்தது. வண்டியும் சிவப்புதான், சிவப்பு என்று சொல்லும்படி எங்கேயோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க பெயிண்டர். ஃபேக்டரியில இருந்து எந்த நிறத்துல வந்துச்சோ அதே நிறத்துல வேணும். அவசரமே இல்ல," என்றார் டாக்டர்.

அவசரமே இல்லை என்று இவரிடம் சொல்லலாமா? பதினொரு மாதம். டேஷ்போர்டுக்குப் பின்னால் வெளியே தெரியாத இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்துப் பார்த்தார். சிவப்பு போய் நீலம் வந்தது, நீலம் போய் வெளிர்மஞ்சள் வந்தது, அதற்கும் அடியில் ஒரு இளம்பச்சை. அப்புறம் பிரைமர், அப்புறம் வெறும் தகரம். அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா, இதான் அதோட சொந்த நிறம்." குழந்தை பிறந்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பச்சையைக் கலந்து பிடிக்க மட்டும் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார்.

பழைய கார் சங்கத்தின் கண்காட்சி ஒரு மைதானத்தில் நடந்தது. என்னையும் அழைத்துப் போனார். வண்டிகளைச் சோதித்து மார்க் போடுகிறவர் கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார். எல்லாரும் அவரை லென்ஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு கையில் கண்ணாடி, இன்னொரு கையில் மைக். இங்கே பேசுவது மைதானத்தின் அந்த மூலை வரைக்கும் கேட்கும்.

சட்டம் போட்டு மாட்டலாம் என்ற ஆசையில் டாக்டர் அந்த வாரம்தான் கார் கம்பெனியின் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு சான்றிதழ் வரவழைத்திருந்தார். கடல் தாண்டி இருக்கிறது அந்தக் கம்பெனி. பானெட்டுக்கு அடியில் ஃபேக்டரி எண்ணோடு ஒரு சின்னத் தகடு அடித்திருக்கும், அந்த எண் தகட்டில் இருப்பதை எழுதி அனுப்பினால், அந்த வண்டி என்றைக்குச் செய்து முடிந்தது, என்ன நிறம், எந்தக் கப்பலில் ஏற்றினார்கள், எந்த விற்பனையாளருக்கு அனுப்பினார்கள் என்று எழுதித் தருவார்கள். டாக்டர் உறையைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்திருந்ததை லென்ஸ் வாங்கிப் பிரித்துப் படித்தார்.

"கடைசி மூணு நம்பர் 417. நிறம்... கறுப்பு."

வண்டி எதிரே இளம்பச்சையில் நின்றுகொண்டிருந்தது. லென்ஸ் பானெட்டைத் திறந்து தகட்டின் மேல் கண்ணாடியை வைத்தார்.

"ரிவெட் ஆணியெல்லாம் புதுசா இருக்கே. தகட்டைக் கழட்டினது யாரு?"

"நான்தான் சார்," என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்கிற மாதிரி. "சுத்தி டேப் ஒட்டி அடிச்சா ஓரத்துல கோடு விழும். அதான் கழட்டி வச்சுட்டு, அடிச்சு முடிச்சப்புறம் மாட்டினேன்."

பழைய வண்டிக்காரர்களிடம் எண் தகட்டைக் கழற்றினேன் என்று சொல்வது, உயிலைத் திருத்தினேன் என்று வக்கீலிடம் சொல்வதற்குச் சமமாம். எங்களுக்கு எப்படித் தெரியும்? லென்ஸ் மைக்கைக் கீழே இறக்காமலே சொன்னார், "இது வேற ஏதோ வண்டியோட பாடி. தகடு மட்டும்தான் ஒரிஜினல். கறுப்பு வண்டியோட தகட்டைக் கழட்டி இதுல அடிச்சிருக்காங்க."

அதுவரைக்கும் 'வாங்க பெயிண்டர்' என்று பேசிக்கொண்டிருந்த டாக்டர் திரும்பினார். "யோவ், என் வண்டிய என்னய்யா பண்ண? எவன் வண்டியக் கொண்டாந்து எங்கிட்ட நிறுத்தியிருக்க? மோசடிக்காரா!"

அத்தனையும் மைக்கில் போனது. ஐஸ்க்ரீம் தின்றுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? பானெட்டில் டாக்டரின் கைரேகை பட்டிருந்தது. சட்டைப்பையில் இருந்த துணியின் காய்ந்த முனையால் அதைத் துடைத்தார். துடைத்துவிட்டு, "வா, போலாம்," என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. டாக்டரை ஒரு வாங்கு வாங்கலாம் என்று வாயெடுத்தேன், இவர் என் மணிக்கட்டை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஸ்ப்ரே கன்னைக் கழுவினார், துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். அந்த வாரமே இரண்டு பேர் வந்து, வேலைக்கு விட்டிருந்த வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் போகிறபோது தன் வண்டியின் தகட்டைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனான். பாவி.

"விடு. சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும்," என்றார்.

"நீங்க விடுவீங்க. நான் விட மாட்டேன்," என்றேன்.

மூன்று வாரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் காப்பி கொடுக்கப் போகிறேன், மனிதர் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நிற்கிறார். "ஒருவேளை எனக்குத்தான் கண்ணு தப்பிடுச்சோ? பச்சைக்கு அடியில கறுப்பு இருந்து, நான் பாக்காம விட்டுட்டேனோ?"

ஊர் சந்தேகப்பட்டது போதாதென்று இவரே தன் கண்ணைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். இனி இந்தக் கை கன்னைத் தொடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் பார்சல் ஆபீஸில் கவுண்டரில் இருக்கிறேன், பத்தொன்பது வருடமாக. கார் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பார்சல் பற்றி எனக்குச் சொல்லித்தர எவனும் பிறக்கவில்லை. அனுப்பியவனிடம் கேட்டால் ஒழுங்காகத்தான் அனுப்பினேன் என்பான். அது உண்மையாகவும் இருக்கும். தப்பு நடப்பதெல்லாம் இறக்குகிற இடத்தில்தான். பெட்டியும் லேபிளும் ஒத்துப்போகவில்லை என்றால், ஒத்துப்போகாத இன்னொரு பெட்டி எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். தேட வேண்டியது அந்த இன்னொன்றை. இந்தச் சின்ன விஷயம் அந்த லென்ஸ் மண்டைக்கு எட்டவில்லை, மைக் மட்டும் எட்டியது.

மைதானத்தில் அந்தச் சான்றிதழை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் இருந்த விற்பனையாளரின் முகவரிக்குப் போனேன். ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. கடைக்காரர் குளியலறை டைல்ஸ் காட்ட ஆரம்பித்தார். "எனக்கு டைல்ஸ் வேண்டாம். உங்களுக்கு முன்னாடி இங்க வேலை பாத்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டதும் கொஞ்சம் பயந்துபோனார். மாடியைக் காலி செய்தபோது வந்து பார்த்துவிட்டுப் போன ஒரு பழைய டைப்பிஸ்ட் அம்மாவின் விலாசம் அவரிடம் இருந்தது.

டைப்பிஸ்ட் அம்மா இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். முதுகு வளையாமல் நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டார். 417 என்றதும் முகம் மாறியது. எழுந்து போய் பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு தடிமனான டெலிவரி ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"யாராவது ஒருநாள் வருவாங்கன்னு தெரியும்மா. அந்தத் தப்ப நான்தான் பண்ணேன்," என்றார்.

கப்பலில் வருகிற வண்டிகளுக்கு எண் தகட்டை அடிக்காமலே அனுப்புவார்களாம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு உறை, உறைக்குள் தகடு. துறைமுகத்தில் உறைகளையெல்லாம் மொத்தமாக எடுத்து லிஸ்ட்டோடு சரிபார்த்துவிட்டு, கட்டாகக் கட்டி ஷோரூமுக்குக் கொடுத்துவிடுவார்கள். இங்கே ஃபிட்டர் ரிவெட் அடிப்பார். அந்தக் கப்பலில் வந்தது ஆறு வண்டி. அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். யார் வண்டி முதலில் டெலிவரி போகிறதோ அந்த வரிசையில் உறைகளை அடுக்கிக் கொடுத்திருக்கிறார். வண்டிகளும் அதே வரிசையில்தான் நின்றன. ஆனால் முந்தின நாள் பேட்டரி சார்ஜ் போட பச்சை வண்டியை வெளியே எடுத்தவர்கள், திரும்பிக் கொண்டுவந்து கறுப்பு வண்டிக்கு மறுபக்கம் விட்டுவிட்டார்கள். அம்மா இன்னொரு முறை போய்ச் சரிபார்க்கவில்லை, ஃபிட்டர் இடது ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டே போனார்.

"ஒரு வாரம் கழிச்சு எனக்கே தெரிஞ்சுபோச்சு. மேனேஜர்ட்ட அழுதுக்கிட்டே சொன்னேன். 'ரெண்டு வண்டியும் ஓடுதுல்ல? தகட்ட எவன் பாக்கப் போறான், வாய மூடு'ன்னாரு. வாய மூடிட்டேன். பென்சில்ல மட்டும் எழுதி வச்சேன்."

அந்தப் பக்கத்தைத் திருப்பினார். 414, இளம்பச்சை, தலைமையாசிரியை. 417, கறுப்பு, ஒரு வக்கீல். இரண்டுக்கும் நடுவில் மங்கலாக: தகடு மாறிவிட்டது. கீழே தேதி. ஷோரூமை மூடியபோது மற்ற ரெஜிஸ்டர்களைக் கிலோக் கணக்கில் தூக்கிப் போட்டார்களாம். இதை மட்டும் அம்மா சேலைக்குள் மறைத்து எடுத்து வந்திருக்கிறார், தன் தலையில் பழி விழுந்துவிடும் என்ற பயத்தில். ஒரு தப்பைச் சொல்லப் போனவளை வாயை மூடு என்றவன் நிம்மதியாகச் செத்துப்போனான். இந்த அம்மா இத்தனை வருடமாகப் பீரோவைப் பூட்டிப் பூட்டி வைத்திருக்கிறார். எனக்கு யார்மேல் எரிந்து விழுவது என்றே தெரியவில்லை. அவர் கொடுத்த பிஸ்கட்டை நறுக்நறுக்கென்று கடித்தேன்.

பென்சில் எழுத்தை லென்ஸ் ஒத்துக்கொள்ள மாட்டார், எனக்குத் தெரியும். நேற்று எழுதியது என்பார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து காப்பகத்துக்கு எழுதினேன். 414 என்ன நிறம்? வண்டியின் சொந்தக்காரருக்கு மட்டும்தான் சொல்வோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில். மூன்றாவதில் நாசூக்கை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டேன்: "எனக்குக் காரும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய தாளால், அந்த வண்டிக்குப் பெயிண்ட் அடித்த என் வீட்டுக்காரர் திருடன் ஆகிவிட்டார். பச்சையா, இல்லையா?"

நான்காம் நாள் அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பதில் போட்டிருந்தாள். 414 இளம்பச்சை. அதே கப்பல், அதே விற்பனையாளர். அதோடு ஒரு வரி சேர்த்திருந்தாள்: ஏற்றுமதி வண்டிகளில் தகடு தனியாகப் போவதால், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகரத்தின் வலது மூலையில் அதே எண்ணைச் சின்னதாகக் குத்தி அனுப்புவோம், உங்கள் பெயிண்டர் பார்த்திருப்பாரே?

வீட்டுக்கு ஓடினேன். "என்னங்க! எஞ்சினுக்குப் பின்னாடி, வலது மூலையில, ஏதாவது நம்பர் குத்தியிருந்துச்சா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன்."

"குழி குழியா ஏதோ இருந்துச்சு."

"குழியா, நம்பரா?"

"நம்பர் மாதிரிதான். கோணலா வேற இருந்துச்சு. எவனோ மெக்கானிக் அடையாளத்துக்குக் குத்தி வச்சிருப்பான்னு நெனச்சு... பட்டி போட்டு அடைச்சுட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "அடைச்சுட்டீங்களா! நான் டைல்ஸ் கடை, மாடி வீடு, கடல் தாண்டின கம்பெனின்னு நாயா பேயா அலையுறேன், நீங்க அதுக்கு மேல பட்டிய அப்பி, பச்சைய அடிச்சு, பாலிஷும் போட்டு வச்சிருக்கீங்களா! உங்களுக்கு எதிரி வெளிய எதுக்குங்க?" அன்று நான் பேசிய பேச்சில் பக்கத்து வீட்டில் டி.வி.யை நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "என்ன நம்பர் வரணும்னு சொன்ன?" என்றார்.

"414."

எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் வீட்டு ஷெட்டில் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. நான் முன்கூட்டியே போனில் கத்தியிருந்ததால் லென்ஸும் வந்திருந்தார். "இன்னும் என்னத்தக் கெடுக்கப் போற?" என்றார் டாக்டர். இவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தார். அந்த மூலையை ஒரே ஒரு முறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வெளியே யார் கண்ணிலும் படாத அந்த இடத்துக்கும் ஏழு கோட்டிங் அடித்திருந்தார், முகம் பார்க்கலாம். பிறகு தேய்த்தார். பச்சைத் தண்ணீர் வழிந்து அவர் செருப்பில் சொட்டியது. என்னால் பார்க்க முடியவில்லை, தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அட," என்றார் லென்ஸ்.

திரும்பினேன். கோணலாக ஒரு 4, ஒரு 1, இன்னொரு 4.

கேட் வரைக்கும் டாக்டர் கூடவே வந்தார். வேலைக்காரிக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்கிற குரலில், "மன்னிச்சுக்கோங்கம்மா. அன்னைக்கு ஏதோ டென்ஷன்ல..." என்றார்.

"மைக்குல சொன்னத மைக்குலயே வாபஸ் வாங்குங்க டாக்டர்."

"கண்டிப்பா. அடுத்த கண்காட்சியில சொல்லிடறேன்."

தேய்த்த இடத்தை மறுபடி அடித்துத் தருவதாக இவர் சொன்னார். லென்ஸ் பதறிவிட்டார். "கையே வைக்காதீங்க! இனிமே இந்த வண்டிக்கு மதிப்பே அந்த நம்பர்தான்." ஆக, இவருடைய வேலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மொட்டைத் தகரம் அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் பரணிலிருந்து கன்னை இறக்கினார். இறக்கி என்ன? கன் இருந்தது, வண்டிதான் வரவில்லை. மைக்கில் கேட்டவர்கள் யாரும் கேட் பக்கத்தில் பேசியதைக் கேட்கவில்லையே.

அடுத்த வருடக் கண்காட்சிக்கு வலுக்கட்டாயமாக அவரை இழுத்துப் போனேன். இளம்பச்சை வண்டிக்குத்தான் முதல் பரிசு. டாக்டர் மைக்கைப் பிடித்தார். கம்பெனிக்கு நன்றி, சங்கத்துக்கு நன்றி, லென்ஸுக்கு விசேஷ நன்றி. கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அவ்வளவுதான். வண்டிக்கு முன்னால் ஆளுயரத்துக்குப் பளபளவென்று ஒரு போர்டு. கப்பல், ஆறு உறை, மாறிப்போன தகடு, தலைமையாசிரியை என்று முழுக் கதையும் அதில் இருந்தது. ஜனங்கள் நின்று படிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். கீழே கடைசி வரி: உண்மையைக் கண்டுபிடித்தவர் என்று போட்டு, லென்ஸின் பெயர், பட்டங்களோடு.

பெயிண்டர் என்ற சொல்லே அந்த போர்டில் இல்லை.

கைப்பையில் பார்சலுக்கு விலாசம் எழுதுகிற மார்க்கர் இருந்தது. எடுத்தேன். போர்டுக்குப் பக்கத்தில் போய், கடைசி வரிக்குக் கீழே, 'பெயிண்ட் அடித்தவர்' என்று எழுதி, என் வீட்டுக்காரரின் முழுப் பெயரையும் எழுதினேன். கோபத்தில் எழுத்து மேலும் கீழும் ஓடியது.

"என்னம்மா பண்றீங்க!" என்று டாக்டர் ஓடி வந்தார்.

"நீங்க விட்டதத்தான் எழுதுறேன். மைக்க வேணா கொண்டாங்க, அதுலயும் சொல்றேன்!"

கூட்டம் கூடிவிட்டது. இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். போன வருடம் மாதிரி மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போர்டைப் பார்த்தார்.

"கோணலா இருக்கு," என்றார்.

சட்டைப்பையிலிருந்து தின்னர் துணியை எடுத்துத் துடைத்தார். என் எழுத்தோடு அதற்கு மேலே இருந்த லென்ஸின் பெயரும், அத்தனை பட்டங்களும், துணியோடு போயின. தெரிந்துதான் துடைத்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. என் கையிலிருந்து மார்க்கரை வாங்கினார். ஒரு காலை முன்னால் வைத்து, தோளைத் தளர்த்தி, அந்தக் காலத்தில் போர்டு எழுத நிற்பது போலவே நின்றார். பெயிண்ட் அடித்தவர், பிறகு தன் பெயர். ஒரு எழுத்து ஏறவில்லை, இறங்கவில்லை. அவர் தன் பெயரை எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எழுதி முடித்தும் மார்க்கரை மூடவில்லை. 'உண்மையைக் கண்டுபிடித்தவர்' என்பதற்கு அடுத்த வெற்றிடத்தை உள்ளங்கையால் தடவினார். என் பக்கம் திரும்பி, அத்தனை பேர் நடுவிலும் நன்றாகக் கேட்கும்படி, சத்தமாகக் கேட்டார்:

"உன் பேருக்கு முன்னாடி இனிஷியல் போடவா, வேணாமா?"

"போடுங்க," என்றேன்.